மிதிவண்டிப் பயணத்துக்கான காணொளிக் கேமரா: தேர்வும் பொருத்துதலும்

மிதிவண்டிக் கேமரா என்பது, வேலைக்கோ பள்ளிக்கோ கடைக்கோ நாள்தோறும் மிதிவண்டியில் செல்பவர், தம் பயணத்தைத் தொடர்ச்சியாகக் காணொளியாகப் பதிவு செய்வதற்காக வண்டியிலோ தலைக்கவசத்திலோ பொருத்திக்கொள்ளும் சிறிய கேமரா ஆகும். மலைச்சரிவில் பாயும் விளையாட்டு வீரர்களின் காணொளிகளால் இக்கருவி புகழ் பெற்றது. அன்றாடப் பயணிக்கு அதன் பயன் வேறு. யாராவது இடித்துவிட்டு நிற்காமல் போனால், அந்த வண்டியின் பதிவெண் படத்தில் தெரிய வேண்டும். அழகான காட்சி, மென்மையான ஓட்டம், வண்ணச் செறிவு எல்லாம் அதற்கு அடுத்தவை. எனவே எந்தக் கேமராவை வாங்குவது, எங்கே பொருத்துவது என்ற இரு கேள்விகளுக்கும் உரைகல் ஒன்றே: நம்பர் பிளேட் படிக்க வருகிறதா?

பதிவெண் ஏன் முக்கியம்

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர் என மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை கூறுகிறது. அவர்களுள் 30,486 பேர், இடித்தவர் நிற்காமல் ஓடிப்போன விபத்துகளில் இறந்தவர்கள். ஏறத்தாழ ஐந்தரைப் பேரில் ஒருவர் என்பது கணக்கு.

இடித்த வண்டி எது என்று தெரிந்தால், மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 166ஆம் பிரிவின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். மோட்டார் வாகனங்கள் அனைத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், பதிவெண் கிடைத்தால் காப்பீட்டு நிறுவனத்தைக் கண்டறிந்துவிட முடியும். தீர்ப்பாயம் பாதிக்கப்பட்டவரின் வயது, வருமானம், மருத்துவச் செலவு, அவரை நம்பி வாழ்பவர்கள் ஆகியவற்றைப் பார்த்துத் தொகையை முடிவு செய்யும்.

நியாயமான முயற்சிக்குப் பிறகும் வண்டி எது என்று தெரியவில்லை என்றால் 161ஆம் பிரிவு பொருந்தும். அதன்கீழ் கிடைப்பது நிலையான தொகை: இறப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரல் 1ஆம் நாளுக்கு முன்பு இது முறையே 25,000 ரூபாயும் 12,500 ரூபாயுமாக இருந்தது. கால் முறிந்து ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாத ஒரு குடும்பத் தலைவருக்கு இந்த இரு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. அந்த வேறுபாடு பல நேரங்களில் ஒரு தகட்டில் உள்ள பத்து எழுத்துகளில் அடங்கியிருக்கிறது.

கேமரா வகைகள்

*சாகசக் கேமரா:* கோப்ரோ, டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன், இன்ஸ்டா360 போன்றவை. நிக் உட்மன் 2002இல் தொடங்கிய கோப்ரோ நிறுவனத்தின் முதல் கேமரா 2004இல் வந்தது; அது 35 மி.மீ. ஃபிலிம் சுருளில் படமெடுத்தது. இன்றைய சாகசக் கேமராக்கள் தெளிவானவை, அமைப்புகளை விருப்பம்போல் மாற்றக்கூடியவை. மின்கலம் விரைவில் தீர்வது இவற்றின் குறை.

*விளக்குடன் இணைந்த கேமரா:* பின்பக்கச் சிவப்பு விளக்குக்குள்ளேயே கேமராவை அடக்கியவை. ஆஸ்திரேலியாவின் சைக்ளிக் நிறுவனத்தின் ஃப்ளை6 இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. கார்மின் நிறுவனத்தின் ஒரு மாதிரியில் விளக்கு, கேமரா ஆகியவற்றுடன் பின்னால் வரும் வண்டியை உணரும் ராடாரும் உண்டு. அன்றாடப் பயணத்துக்கென்றே செய்யப்பட்டவை என்பதால் சுழற்சிப் பதிவு முதலியன இயல்பாகவே இருக்கும். விலை அதிகம்.

*காருக்கான டேஷ் கேமரா:* விலை குறைவு. ஆனால் பெரும்பாலானவை காரின் மின்சாரத்தை நம்பியவை; மழைக்குத் தாங்காதவை. மிதிவண்டிக்கு ஏற்றவையல்ல.

*பழைய கைபேசி:* கையில் இருப்பதைப் பயன்படுத்தலாம் என்பது நல்ல எண்ணமே. ஆயினும் கைபேசியின் வில்லையில் உள்ள நடுக்கந்தணிக்கும் நுண் பொறி, தொடர் அதிர்வில் பழுதாகலாம். மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு கைபேசிக் கேமராவைப் பாதிக்கக்கூடும் என ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. மிதிவண்டியில் எஞ்சின் இல்லை. ஆனால் குண்டும் குழியும் உண்டு. வேறு வேலைக்குத் தேவைப்படாத கைபேசியாக இருந்தால் மட்டும் முயலலாம்.

பிக்சலும் காட்சிக் கோணமும்

விளம்பரங்கள் பிக்சல் எண்ணிக்கையை உரக்கச் சொல்லும். காட்சிக் கோணத்தை அவ்வளவாகச் சொல்லமாட்டா. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பயன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 51ஆம் விதி, நம்பர் பிளேட் எழுத்துகளின் அளவை வரையறுக்கிறது. கார், பேருந்து, லாரி ஆகியவற்றில் எழுத்தின் உயரம் 65 மி.மீ., கோட்டின் தடிப்பு 10 மி.மீ., எழுத்துகளுக்கு இடையேயான இடைவெளி 10 மி.மீ. இருசக்கர வாகனத்தின் பின் தகட்டில் எண்களின் உயரம் 40 மி.மீ., தடிப்பு 7 மி.மீ., இடைவெளி 5 மி.மீ. மட்டுமே.

ஒரு கோடோ இடைவெளியோ படத்தில் தெரிய வேண்டுமானால் அது குறைந்தது 2 பிக்சல் அகலமாவது பெற வேண்டும். காரில் மிக மெல்லிய பகுதி 10 மி.மீ.; ஆகவே ஒரு மீட்டருக்கு 200 பிக்சல் தேவை. இருசக்கர வாகனத்தில் மிக மெல்லியது 5 மி.மீ. இடைவெளி, ஆகவே மீட்டருக்கு 400 பிக்சல் தேவை.

90 பாகைக் கோணமுள்ள கேமரா, 5 மீட்டர் தொலைவில் 10 மீட்டர் அகலக் காட்சியைப் பிடிக்கும். 120 பாகைக் கேமரா, அதே தொலைவில் 17 மீட்டருக்கும் அதிகமான அகலத்தைப் பிடிக்கும். அதே எண்ணிக்கையிலான பிக்சல்கள் அதிக அகலத்தில் பரவும்போது, ஒவ்வொரு பொருளுக்கும் கிடைக்கும் பங்கு குறைகிறது. ஒரு கிலோ மாவில் பத்துப் பேருக்கும் சுடலாம், பதினேழு பேருக்கும் சுடலாம். தோசையின் அளவு மாறும்.

இக்கணக்கின்படி நம்பர் பிளேட் படிக்கக் கிடைக்கும் அதிகபட்சத் தொலைவு:

| பதிவு, கோணம் | கார், லாரி | இருசக்கர வாகனம் |
|---|---|---|
| 1080பி, 120 பாகை | 2.8 மீ. | 1.4 மீ. |
| 1080பி, 90 பாகை | 4.8 மீ. | 2.4 மீ. |
| 4கே, 120 பாகை | 5.5 மீ. | 2.8 மீ. |
| 4கே, 90 பாகை | 9.6 மீ. | 4.8 மீ. |

இவை நேர்க்கோட்டு வில்லையைக் கொண்டு, நல்ல வெளிச்சத்தில், நடுக்கமில்லாத நிலையில் போட்ட கணக்கு. மீன்கண் போல வளைத்துக் காட்டும் வில்லைகளில் நடுப்பகுதி இதைவிடத் தெளிவாகவும் ஓரம் இறுகியும் இருக்கும். நடுக்கமும் இருளும் சேர்ந்தால் எந்த வில்லையிலும் தொலைவு குறையும்.

அட்டவணையின் இரண்டாம், மூன்றாம் வரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 90 பாகையில் வைத்த 1080பி, 120 பாகையில் வைத்த 4கேக்கு ஏறத்தாழ இணையாக நிற்கிறது. அதாவது, கோணத்தைக் குறைப்பது பல நேரங்களில் புதுக் கேமரா வாங்குவதற்குச் சமம். சாகசக் கேமராக்களில் அமைப்புப் பட்டியலில் ‘அகலம்’, ‘நேர்க்கோடு’, ‘குறுகல்’ என்று கோணத்தை மாற்றும் வசதி இருக்கும். ஒரு எச்சரிக்கை: சில மலிவான கருவிகளில் ‘குறுகல்’ என்பது இருக்கிற படத்தை வெறுமனே பெரிதாக்கிக் காட்டுவது மட்டுமே, அதில் புதிய விவரம் எதுவும் சேராது. பின்னர் சொல்லப்படும் அட்டைச் சோதனையில் இது வெளிப்பட்டுவிடும்.

இனி நேரக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கார் உங்களைவிட மணிக்கு 36 கி.மீ. கூடுதல் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வீதம், வலப்பக்கமாக முந்துகிறது. அதன் பின் தகடு உங்களுக்கு 2 மீட்டர் பக்கவாட்டில் இருப்பதாகக் கொள்வோம். நேராக முன்னோக்கிய 1080பி, 120 பாகைக் கேமராவில், தகடு காட்சிக்குள் நுழைந்து படிக்க முடியாத தொலைவுக்குப் போவதற்குள் நொடிக்கு 30 படம் என்ற வீதத்தில் சுமார் 5 படங்களே கிடைக்கும். 4கே, 90 பாகைக் கேமராவில் சுமார் 23 படங்கள் கிடைக்கும். ஐந்து படங்களில் ஒரு குழி குறுக்கிட்டால் எல்லாம் கலங்கிப்போகும். இருபத்து மூன்றில் ஒன்றாவது தெளிவாக அமைய வாய்ப்பு அதிகம்.

ஷட்டர் நேரமும் இரவும்

ஒவ்வொரு படத்துக்கும் கேமரா எவ்வளவு நேரம் ஒளியை வாங்குகிறது என்பது ஷட்டர் நேரம். மேற்சொன்ன கார், உங்களுக்கு 4 மீட்டர் முன்னால் போகும் கணத்தை எடுத்துக்கொள்வோம். ஷட்டர் நேரம் 1/50 நொடி எனில், தகடு படத்தில் சுமார் 10 செ.மீ. இழுபட்டதுபோல் தெரியும். எழுத்தின் கோடோ 1 செ.மீ. தடிப்புதான், எனவே எதுவும் படிக்க வராது. 1/1000 நொடி எனில் இழுபடுவது அரை செ.மீ. மட்டுமே, எழுத்து தப்பிவிடும்.

பகல் வெயிலில் கேமரா தானாகவே குறைந்த ஷட்டர் நேரத்தைத் தேர்ந்துகொள்ளும். மாலை மங்கியதும் நேரத்தை நீட்டிவிடும். பகலில் 4கேயில் துல்லியமாகத் தெரியும் எண்கள் மாலை ஆறரை மணிக்குப் புகைபோல் ஆவது இதனால்தான். மாலையில் நொடிக்கு 60 படம் என்ற அமைப்பைத் தேர்ந்தால், ஒரு படத்துக்கான நேரம் 1/60 நொடியைத் தாண்ட முடியாது என்பதால் ஓரளவு உதவும். படம் சற்று இருண்டு தெரியும். மென்பொருள் வழி நடுக்கந்தணித்தல் பார்ப்பதற்கு இதமாக இருந்தாலும், ஏற்கெனவே கலங்கிய எழுத்தை அது தெளிவாக்காது.

இரவில் மற்றொரு சிக்கலும் உண்டு. 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்புத் தகடுகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புபவை. உங்கள் முன்விளக்கின் ஒளி பட்டுத் தகடு வெறும் வெள்ளைப் பட்டையாகப் படத்தில் விழலாம். ஒளியளவு அமைப்பை அரைப்படியோ ஒரு படியோ குறைத்துவைத்தால் எழுத்து மீளும். பின்கேமராவை நோக்கி எரியும் முன்விளக்குகளுக்கு முழுமையான மாற்று எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் மேலாக, செலவில்லாத வழி ஒன்று உண்டு. கேமராவின் ஒலிவாங்கியை அணைக்காமல் வையுங்கள். சந்தேகத்துக்குரிய வண்டியின் எண் கண்ணில் பட்டதும் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். படத்தில் விழாத எண் குரலில் பதிவாகியிருக்கும். அதிர்ச்சியில் அடுத்த நிமிடமே எண் மறந்துபோவது இயல்பு.

மின்கலம், நினைவக அட்டை, மழை, வெயில்

*மின்கலம்:* சாகசக் கேமராக்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தாங்கும். போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்றால், இடையில் மின்னேற்றம் செய்ய வேண்டும். இல்லையேல் மாற்று மின்கலம் தேவை. திரையையும் வைஃபையையும் அணைத்து வைத்தால் நேரம் கூடும்.

*நினைவக அட்டை:* நொடிக்கு 16 மெகாபிட் வீதம் பதியும் 1080பி காணொளி மணிக்குச் சுமார் 7.2 ஜிபி இடம் எடுக்கும். நொடிக்கு 60 மெகாபிட் வீதம் பதியும் 4கே, மணிக்கு 27 ஜிபி எடுக்கும். 64 ஜிபி அட்டையில் முன்னது ஏறத்தாழ 9 மணி நேரமும், பின்னது 2 மணி 20 நிமிடமும் கொள்ளும். அட்டையின் மேல் வி30 அல்லது யு3 என்று குறித்திருந்தால், அது நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதவல்லது. 4கேக்கு அது போதும். அட்டை நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதுவது சுழற்சிப் பதிவு. இவ்வசதி இல்லாத கேமராவில், அட்டை நிரம்பியது தெரியாமல் பல நாள் வெறுமனே சுமந்து திரிய நேரும். தொடர்ந்து அழித்து எழுதுவதால் அட்டை தேயும். கண்காணிப்புக் கேமராக்களுக்கென விற்கப்படும் நீடித்துழைக்கும் வகை அட்டை நல்லது.

*மழை:* ஐபிஎக்ஸ்4 என்பது தெறிக்கும் நீரையும், ஐபிஎக்ஸ்6 என்பது வேகமாகப் பீய்ச்சும் நீரையும், ஐபிஎக்ஸ்7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்குவதையும் தாங்கும் என்ற குறியீடு. வடகிழக்குப் பருவமழைக்கு ஐபிஎக்ஸ்6 அல்லது அதற்கு மேல் தேவை. மின்னேற்றத் துளையின் மூடியைத் திறந்து பவர் பேங்க் கம்பியைச் செருகிவிட்டால் இந்தக் காப்பு எதுவும் இல்லை என்பதை மறக்கக் கூடாது.

*வெயில்:* ஓடும்போது காற்று கேமராவைக் குளிர்விக்கும். சிக்னலில் நிற்கும்போதும் வெயிலில் நிறுத்தி வைக்கும்போதும் அது சூடேறித் தானாக அணைந்துவிடலாம். தேவையில்லாமல் 4கேயில் பதியாமல் இருப்பதும், இறங்கியதும் கழற்றிப் பையில் வைப்பதும் உதவும். கழற்றி வைத்தால் திருட்டு பயமும் இல்லை.

*கடிகாரம்:* மின்கலம் முற்றிலும் தீர்ந்தால் சில கேமராக்களின் தேதி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தவறான தேதியிட்ட காணொளி பின்னால் வீண் வாதங்களுக்கு இடமளிக்கும். மாதம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

எங்கே பொருத்துவது

*ஹேண்டில் பார்:* பொருத்துவது எளிது. எதிரே வருவது, குறுக்கே திரும்புவது, நிறுத்திய காரின் கதவு திடீரெனத் திறப்பது எல்லாம் பதிவாகும். முந்திச் சென்ற வண்டியின் பின் தகடும் கிடைக்கும். குறை: ஹேண்டில் திரும்பும் பக்கமெல்லாம் கேமராவும் திரும்பும். முன்கூடை உள்ள வண்டியில் கூடையின் விளிம்பு காட்சியை மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராடு பிரேக் உள்ள பழைய வகை வண்டிகளில் பிரேக் கம்பி மேலும் கீழும் நகர இடம் விட்டுப் பொருத்த வேண்டும்.

*சீட்டுக்குக் கீழே உள்ள தண்டு:* பின்னால் வரும் வண்டியை, அது இடிப்பதற்குப் பல நொடிகள் முன்பிருந்தே பதிவு செய்யும். வண்டி நெருங்கி வருவதால் முன் தகடு படிப்படியாகப் பெரிதாகும். இடித்தபின் மிதிவண்டி சாய்ந்துவிட்டாலும், அதற்கு முந்தைய நொடிகள் பத்திரமாக இருக்கும். ஆனால் மோட்டார் சைக்கிளின் முன் தகட்டில் எழுத்து 30 மி.மீ. உயரமே, அதைப் படிப்பது அரிது. கேரியரில் பையோ சாப்பாட்டுக் கூடையோ கட்டுபவர்கள் இங்கே பொருத்தினால் படம் முழுவதும் பைதான் தெரியும். அவர்கள் கேரியரின் பின்விளிம்பில் பொருத்த வேண்டும்.

*தலைக்கவசம்:* தலை திரும்பும் பக்கம் கேமராவும் பார்க்கும் என்பது நன்மை. தலையசைவில் படம் அலைவதும், கழுத்தில் சுமை ஏறுவதும், விழும்போது கேமரா எதிலாவது சிக்கக்கூடும் என்பதும் தீமை. தலைக்கவசத்தில் துளையிடக் கூடாது. அதன் வலிமை குறைந்துவிடும். பலமாக இடிபட்டால் பிய்த்துக்கொண்டு வரக்கூடிய ஒட்டு அல்லது பட்டை வகையே ஏற்றது.

*மார்புப் பட்டை:* கைகளும் ஹேண்டிலும் பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும். நிமிர்ந்து அமரும் வண்டிகளில் மட்டும் ஓரளவு பயன்படும்.

ஒரே ஒரு கேமராதான் வாங்க முடியும் என்றால் எது? உங்கள் பாதையைப் பொறுத்தது. வேகமான வண்டிகள் பின்னாலிருந்து முந்தும் புறவழிச்சாலையில் செல்பவருக்குப் பின்கேமரா. சந்துகளும் திருப்பங்களும் நிறுத்திய கார்களும் நிறைந்த நகரத் தெருவில் செல்பவருக்கு முன்கேமரா.

எப்படிப் பொருத்துவது

முதலில் குழாயின் விட்டத்தை அறிய வேண்டும். ஒரு நூலைக் குழாயைச் சுற்றி அளந்து 3.14ஆல் வகுத்தால் போதும். சுற்றளவு 70 மி.மீ. எனில் விட்டம் 22.2 மி.மீ.; 80 மி.மீ. எனில் 25.4 மி.மீ.; 100 மி.மீ. எனில் 31.8 மி.மீ. ஹேண்டில் பார்களில் பெரும்பாலும் காணப்படும் மூன்று அளவுகள் இவையே. இந்த அளவுக்குரிய பிடியை வாங்க வேண்டும்.

பிடிக்கும் குழாய்க்கும் இடையில், பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டிய ஒரு துண்டை ஒரே சுற்றாக வைத்து முடுக்கினால் பிடி வழுக்காது. சிறு அதிர்வும் தணியும். பல சுற்று வைத்தால் மெத்தைபோல ஆடத் தொடங்கும்.

நீண்ட கைகளையும் பல மூட்டுகளையும் தவிர்க்க வேண்டும். கை நீளநீள ஆட்டம் கூடும். ஒவ்வொரு மூட்டும் தளர்வதற்கான ஓர் இடம். கேமரா குழாய்க்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ரப்பர் பட்டைகள் வெயிலில் காய்ந்து வெடிக்கும். திருகாணி உள்ள பிடி நீடிக்கும். திருகாணியை வாரம் ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும்.

பிடி உடைந்தாலும் கேமரா சாலையில் விழாதபடி, மெல்லிய நைலான் கயிற்றால் வண்டியின் சட்டத்தோடு அதைக் கட்டி வைக்க வேண்டும். கயிறு சக்கரக் கம்பிகளை எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும். இது கட்டாயம்.

கேமராவின் நோக்கு ஏறத்தாழ மட்டமாக இருக்க வேண்டும். படத்தில் தொடுவானம் நடுவுக்குச் சற்று மேலே இருக்கட்டும். வானம் பாதிப் படத்தை நிரப்பினால், அதன் வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா ஒளியைக் குறைத்துக்கொள்ளும்; வண்டிகள் கறுத்துப்போகும். நம் நாட்டில் வண்டிகள் வலப்பக்கமாக முந்துவதால், முன்கேமராவையும் பின்கேமராவையும் உங்கள் வலப்பக்கமாகப் பத்துப் பாகை அளவு திருப்பி வைக்கலாம். பின்கேமராவின் படத்தில் உங்கள் வலப்பக்கம் இடப்பக்கமாகத் தெரியும், குழம்ப வேண்டாம்.

அட்டைச் சோதனை

ஒரு வெள்ளை அட்டையில், 65 மி.மீ. உயரமும் 10 மி.மீ. தடிப்பும் உள்ள எழுத்துகளால் கற்பனையான ஒரு பதிவெண்ணைக் கறுப்பு மையால் எழுதுங்கள். மற்றோர் அட்டையில் 40 மி.மீ. உயரத்தில் எழுதுங்கள். 8, பி ஆகியவற்றின் ஆங்கில வடிவங்களையும், சுழியத்தையும் ஆங்கில ஓ எழுத்தையும் போன்று ஒன்றோடொன்று குழம்பக்கூடிய குறிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. அட்டைகளைச் சுவரில் முக்கால் மீட்டர் உயரத்தில் ஒட்டுங்கள். 3, 5, 10 மீட்டர் தொலைவுகளில் மிதிவண்டியை நிறுத்தித் தலா பத்து நொடி பதிவு செய்யுங்கள்.
2. போக்குவரத்து இல்லாத இடத்தில், அட்டைகளைப் பக்கவாட்டில் 2 மீட்டர் தள்ளி வைத்து, வழக்கமான வேகத்தில் அவற்றைக் கடந்து ஓட்டுங்கள். வழியில் ஒரு மேடு பள்ளம் இருந்தால் இன்னும் நல்லது.
3. இதையே நண்பகலிலும், மாலை விளக்கு வைக்கும் நேரத்திலும் செய்யுங்கள்.
4. காணொளியைக் கணினியில் ஒவ்வொரு படமாக நிறுத்திப் பாருங்கள். எண் என்னவென்று தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு எண் முன்பே தெரியும் என்பதால் உங்கள் கண் உங்களையே ஏமாற்றும்.

நின்ற நிலையில் தெரிந்து, ஓட்டத்தில் தெரியவில்லை என்றால் குறை பிடியிலோ ஷட்டர் நேரத்திலோ உள்ளது. நின்ற நிலையிலேயே தெரியவில்லை என்றால் கோணத்தைக் குறைக்க வேண்டும். மாணவர்கள் இதை அறிவியல் செயல்திட்டமாகவும் செய்யலாம். கோண அளவியலும் ஒளியியலும் ஒரே மாலையில் புரிந்துவிடும்.

விபத்துக்குப் பிறகு

உடலுக்குத் தேவையான உதவிக்குப் பின் முதல் வேலை, கேமராவை அணைப்பது. சுழற்சிப் பதிவு தொடர்ந்தால், தேவையான பகுதியே அழிந்துபோகலாம். அட்டையைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். அதில் மேற்கொண்டு எதையும் பதியாதீர்கள். காணொளியை வெட்டவோ, வேகத்தைக் குறைக்கவோ, எழுத்து சேர்க்கவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்படும். பாடுபட்டுப் பிடித்த பிக்சல்கள் அங்கேயே தொலைந்துவிடும். மூலக் கோப்பை அப்படியே நகலெடுத்துக் கொடுக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம், 2023இன் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கான முறையைச் சொல்கிறது. அதனுடன் இணைக்க வேண்டிய சான்றிதழ் இரு பகுதிகள் கொண்டது: ஒன்றைப் பதிவை அளிப்பவரும் மற்றொன்றை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பையும் அதில் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. ஒரு நொடியை வெட்டினாலும் அது மாறிவிடும். மூலத்தைத் தொடக் கூடாது என்று வற்புறுத்துவதன் காரணம் இதுவே. முந்தைய சாட்சியச் சட்டத்தின் கீழ், மூலக் கருவியையே உரிமையாளர் நீதிமன்றத்தில் நேரில் அளித்து மெய்ப்பித்தால் தனிச் சான்றிதழ் தேவையில்லை என உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் விளக்கியது. எனவே கேமராவையும் அட்டையையும் வழக்கு முடியும்வரை விற்கவோ எறியவோ கூடாது. மற்ற நடைமுறைகளுக்கு வழக்கறிஞரின் அறிவுரையைப் பெற வேண்டும்.

பிற நாடுகளிலும் தனியுரிமையும்

பிரிட்டனில் காவல்துறையினர் பலர், மிதிவண்டி ஓட்டுநர்கள் அனுப்பும் காணொளிகளை இணையம் வழியாகப் பெற்றுக்கொள்கின்றனர். வேல்ஸில் இத்திட்டத்துக்கு ‘ஆபரேஷன் ஸ்னாப்’ என்று பெயர். மணிக்கு 30 மைல் வரையிலான வேகத்தில் மிதிவண்டியை முந்துவோர் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என அந்நாட்டுச் சாலை விதித்தொகுப்பு 2022 ஜனவரியில் திருத்தப்பட்டது. ஜெர்மனியில் தனியுரிமைச் சட்டம் கடுமையானது. ஆயினும் விபத்து வழக்கில் வாகனக் கேமராப் பதிவைச் சான்றாக ஏற்கலாம் என அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 மே மாதம் தீர்ப்பளித்தது. இடைவிடாமல் எல்லாரையும் பதிவு செய்துகொண்டே இருப்பது சரியல்ல என்றும் அதே தீர்ப்பு கூறியது.

இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒருவர் தம் சொந்தத் தேவைக்காகத் தரவைக் கையாள்வதற்குப் பொருந்தாது. ஆனால் பிறர் முகத்தையும் வண்டி எண்ணையும் சமூக ஊடகத்தில் வெளியிட்டு அவமதிப்பது சொந்தத் தேவை ஆகாது. விபத்தோ புகாரோ இல்லாத நாள்களின் பதிவுகள் சுழற்சியில் தாமாக அழிந்துபோவதே முறை.

கேமரா செய்ய முடியாதவை

கேமரா விபத்தைத் தடுக்காது. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அது கண்ணில் படுவதே அரிது. எனவே கையில் உள்ள பணத்தில் முதலில் வாங்க வேண்டியவை பின்பக்கச் சிவப்பு விளக்கு, ஒளியைத் திருப்பும் பட்டைகள், நல்ல பிரேக் கட்டைகள், மணி ஆகியவை. அதற்குப் பிறகு மீந்தால் கேமரா. மேலும், கேமரா ஒருதலைப்பட்சம் அறியாதது. சிவப்பு விளக்கைத் தாண்டியது நீங்கள் என்றால் அதையும் பதிந்துதான் வைத்திருக்கும்.

கடையில் காட்டும் கடற்கரைக் காணொளியைப் பார்த்துக் கேமராவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்கு முன், மாலை வெளிச்சத்தில் அந்த அட்டையைச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். எண் தெரிந்தால் கருவியும் பொருத்திய இடமும் சரி. தெரியாவிட்டால், விலை எவ்வளவாக இருந்தாலும், வண்டியில் இருப்பது வெறும் சுமை.